பேரரங்கு சமைத்த பெர்னபேயு

மாலைப் பொழுதில் நம் கலாசாலை மைதானத்தில் பந்தாட்டம் நிகழுங்கால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று காண்போர் தொகை ஒரு நாள் நூறாகவும் மற்றொரு நாள் பத்தாகவும் இருத்தலை நாம் அனைவரும் அறிவோம். ஆடுவோர் அவரே, பந்தும் அதுவே, நிலமும் அதுவே. ஆயினும் காண்போர் மிக்க நாளில் ஆட்டத்திற்கு ஒரு தனி உயிர் உண்டாகின்றது. நல்ல ஆட்டம் கூட்டத்தை ஈர்க்கின்றதா, அன்றி நல்ல கூட்டம் ஆட்டத்தை வளர்க்கின்றதா என்னும் வினா எளிதில் விடை காணத் தக்கதன்று. முன்னதே உண்மையெனப் பலர் கருதுவர். பின்னதும் உண்மையே என்று துணிந்து, அத்துணிவின்மீது ஒரு பேரரங்கையே எழுப்பிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்க முற்படுகின்றோம். அவரே ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரின் கால்பந்துச் சங்கத்திற்கு ஏறத்தாழ முப்பத்தைந்தாண்டுகள் தலைவராய் விளங்கிய சந்தியாகோ பெர்னபேயு என்பார்.

பிறப்பும் இளமையும்

ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்கில் ஆல்பசேத்தே என்னும் மாகாணத்தைச் சார்ந்தது ஆல்மான்சா என்னும் சிற்றூர். குன்றின்மேல் நிற்கும் பழங்கோட்டை ஒன்று அவ்வூருக்கு அணி செய்வது. அவ்வூரில் 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8-ஆம் நாள் நம் தலைவர் தோன்றினார். இவர்தம் தந்தையார் சட்டங் கற்றவர். சந்தியாகோ என்பது, நம் நாட்டுக் கிறிஸ்தவர் சந்தியாகப்பர் என வழங்கும் அப்போஸ்தலரின் பெயரேயாம். அவரைத் தம் தேசத்தின் காவலராகக் கொண்ட ஸ்பானியர் அப்பெயரைத் தம் புதல்வர்க்கு இடுதலில் பெரிதும் விருப்பமுடையர்.

இளம் பருவத்திலேயே இவர் குடும்பத்தாருடன் மாட்ரிட் நகருக்குச் சென்றார். கால்பந்தாட்டம் ஆங்கிலேயர் வாயிலாக ஸ்பெயினிற் புகுந்து வேரூன்றிய காலம் அது. மாட்ரிட் சங்கம் 1902-ஆம் ஆண்டில் முறையாக நிறுவப்பட்டது. அரச மரபைக் குறிக்கும் ரியால் என்னும் அடைமொழியை 1920-ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னர் அச்சங்கத்திற்கு வழங்கினார். நம் தலைவர் சிறுவர் அணியிற் சேர்ந்து, பின்னர்ப் பதினேழாம் பிராயத்திலேயே முதல் அணியில் இடம் பெற்று, முன்னணி ஆட்டக்காரராய்ப் பந்தை வலையிற் செலுத்தும் தொழிலை மேற்கொண்டார். 1917-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசக் கிண்ணத்தை வென்ற அணியில் இவரும் ஒருவர். சட்டக் கல்வியும் பயின்றாராயினும் இவர் உள்ளம் நீதிமன்றத்தில் நின்றதிலது. பந்தின் பின்னரே ஓடிற்று.

அந்நாளில் ஆட்டக்காரர் என்போர் ஆடுதலோடு அமைந்தாரல்லர். ஓதோனல் தெருவருகே 1912-ஆம் ஆண்டில் சங்கத்தார் ஒரு மைதானத்தை அமைத்தபோது, வேலி நாட்டுதல் முதலிய பணிகளில் இளைஞராகிய பெர்னபேயுவும் அவர்தம் உடன்பிறந்தாரும் கை கொடுத்தனர் என்பர். வேலி என்பது சிறு பொருளாகத் தோன்றலாம். ஆனால் வேலியின்றி நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணமின்றிச் சங்கத்திற்கு வருவாயில்லை. வருவாயின்றி நல்ல நிலமும் நல்ல ஆட்டக்காரரும் இல்லை. பின்னாளில் இவர் ஆற்றிய பெருஞ்செயல் யாவும் அவ்வேலியின் விரிவே என்று நாம் கருதுகின்றோம்.

சாமார்த்தீன் பழைய மைதானம்

1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் நகரின் வடபுறத்தே சாமார்த்தீன் என்னும் பகுதியில் சங்கத்தார் புதிய மைதானம் ஒன்றைத் திறந்தனர். இங்கிலாந்திலிருந்து நியூகாஸில் அணியினர் வந்து முதல் ஆட்டத்தில் எதிர்த்து ஆடினர். ஏறத்தாழ 15,000 பேர் காணத்தக்க அவ்விடம் அந்நாளில் பெரிதெனவே எண்ணப்பட்டது. பெர்னபேயு 1927-ஆம் ஆண்டளவில் ஆடுவதினின்று ஓய்ந்தார், சங்கத்தினின்று ஓய்ந்தாரல்லர். நிர்வாக சபையில் அமர்ந்து கணக்கும் கடிதமும் பயணமும் ஆகிய பல பணிகளை மேற்கொண்டார். 1932, 1933 ஆகிய ஈராண்டுகளிலும் சங்கம் ஸ்பெயின் தேசப் போட்டித் தொடரில் முதலிடம் எய்திற்று. மேலும் வளர்ச்சி தொடரும் என்று யாவரும் எதிர்பார்த்திருந்த வேளையில் பேரிடர் ஒன்று தேசத்தைச் சூழ்ந்தது.

போரும் பாழும்

1936-ஆம் ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மூன்றாண்டுகள் ஒரு தாய் மக்கள் ஒருவரை ஒருவர் கொன்று குவித்தனர். குடியரசின் தலைநகராகிய மாட்ரிட் நெடுநாள் முற்றுகையிற் கிடந்து வருந்திற்று. பெர்னபேயு கொள்கையால் முடியாட்சியை விரும்பியவர். அதனால் குடியரசுப் படையினர் வசமிருந்த நகரில் அவர்தம் உயிர்க்கு அச்சம் நேர்ந்தது. அயல்நாட்டுத் தூதரகத்தில் ஒளிந்திருந்து, பின்னர்ப் பிரான்சு தேசம் சென்று, அங்கிருந்து மீண்டு பிராங்கோ தளபதியின் படையிற் சேர்ந்தார். இவர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது. வென்ற பக்கத்தார் பின்னர் நாட்டினைக் கடுங்கோலால் ஆண்டனர். தோற்றவர் பலர் சிறையிலும் நாடு கடந்தும் துன்புற்றனர். நம் தலைவர் வென்ற பக்கத்தைச் சார்ந்தவர் என்பதனை நினைவிற் கொண்டே அவர்தம் செயல்களை நாம் எடையிடல் வேண்டும்.

1939-ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது சாமார்த்தீன் மைதானம் பாழ்பட்டுக் கிடந்தது. மரத்தாலாகிய படிவரிசைகளை மக்கள் குளிருக்கு விறகாகப் பெயர்த்துக் கொண்டு போயினர். ஆட்டக்காரர் சிதறினர், நிர்வாகிகளிற் சிலர் மாண்டனர், சிலர் மறைந்தனர். பெர்னபேயு பழைய உறுப்பினரைத் தேடிக் கண்டு கூட்டிச் சங்கத்தை மீண்டும் நிலைநிறுத்தப் பாடுபட்டவருள் ஒருவர். அதே நகரத்தில் விமானப் படையின் ஆதரவு பெற்ற அத்லேதிக்கோ என்னும் எதிர்ச் சங்கமோ 1940, 1941 ஆகிய இரண்டாண்டிலும் தேச வெற்றியைக் கைக்கொண்டது.

தலைமை ஏற்றல்

1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் மாட்ரிட் அணியும் பார்சிலோனா அணியும் எதிர்ப்பட்டன. முதல் ஆட்டத்தில் மூன்று கோல்களால் வென்ற பார்சிலோனா, மாட்ரிடில் நிகழ்ந்த இரண்டாம் ஆட்டத்தில் ஒன்றுக்குப் பதினொன்றாகத் தோற்றது. அச்சுறுத்தலால் நேர்ந்த தோல்வி அது என்று பார்சிலோனாவார் இன்றும் கூறுவர். பகை முற்றிற்று, இரு சங்கத்துத் தலைவரும் பதவி நீங்கினர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் மாட்ரிட் சங்கத்தின் தலைமை நாற்பத்தெட்டு வயதினராகிய பெர்னபேயுவிடம் வந்தடைந்தது. அவர் பெற்றது மகுடமன்று. பழுதுற்ற மைதானமும், மெலிந்த கருவூலமும், பத்தாண்டாய்த் தேச வெற்றி காணாத அணியுமே.

இந்நிலையில் அறிவுடையார் எவரும் முதற்கண் நல்ல ஆட்டக்காரரைத் தேடுவர். வெற்றி கண்டபின் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகியபின் மைதானத்தை விரிக்கலாம் என்பர். பெர்னபேயு இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றினார். அவர் எண்ணியது இதுவே: சிறிய மைதானம் எத்துணை நிறைந்தாலும் சிறிய வருவாயே தரும், அவ்வருவாயைக் கொண்டு சிறந்தாரைப் பெறல் இயலாது, சிறந்தாரைப் பெறாத அணி பெருங்கூட்டத்தை என்றும் காணாது. இவ்வளையத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தே ஆகவேண்டும். அறுக்கத்தக்க இடம் மைதானமே என அவர் முடிவு செய்தார்.

பழைய மைதானம் பிற்காலத்தில் சற்று விரிந்து 22,500 பேருக்கே இடந்தந்தது. புதிய அரங்கோ 75,000 பேருக்கு என வகுக்கப்பட்டது. உறுப்பினர் பலர் திகைத்தனர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் நாட்டார் கூறும் அறிவுரையை அவர்களும் தம் மொழியிற் கூறியிருப்பர் என்பதில் ஐயமில்லை. நகரின் விளிம்பிலே, காஸ்தெல்லானா பெருவீதி வயல்வெளியாய் முடியும் இடத்திலே, இத்துணைப் பெரிய அரங்கை யார் நிரப்புவார் என அவர்கள் வினவினர். அவ்வினா நேர்மையானதே. அதற்கு அன்று எவரிடமும் சான்றுடைய விடை இல்லை. தலைவரிடத்தும் நம்பிக்கை ஒன்றே இருந்தது.

அரங்கு எழுந்த வகை

1944-ஆம் ஆண்டில் வங்கி ஒன்று கடன் கொடுக்க இசைந்தது. சங்கத்தார் கடன்பத்திரங்கள் வெளியிட்டனர்; உறுப்பினரும் ஆர்வலரும் அவற்றை வாங்கினர். அரசாங்கத்தின் கொடையாக அன்றி, ஆட்டங்காண வருவோரின் கைப்பொருளே அரங்கின் அடிப்படையாயிற்று என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் 27-ஆம் நாள் பணி தொடங்கிற்று. மானுவேல் முன்யோஸ் மொனாஸ்தேரியோ, லூயிஸ் அலெமானி என்னும் சிற்பிகள் இருவர் அமைப்பை வகுத்தனர்.

அக்காலத்து ஸ்பெயினின் நிலையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகப் போரினால் வாணிகம் முடங்கியது. இரும்பும் சிமெண்டும் அருகின. ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் மக்கள் பங்கீட்டுச் சீட்டுடன் வரிசையில் நின்றனர். அப்பங்கீடு 1952-ஆம் ஆண்டு வரையில் நீடித்தது. வயிறு நிறையாத நாட்டில் எழுபத்தையாயிரம் பேர் களிக்கும் அரங்கு எழுப்புதல் அறமோ என ஒருவர் கேட்பின், நாம் உடனே ஆம் என்று கூற வல்லேமல்லேம். கேளிக்கையினால் மக்கள் மனத்தை மயக்கிக் குறைகளை மறக்கச் செய்தல் கொடுங்கோலர்க்கு உகந்த உபாயம் என்பதும் பழைய உண்மையே. ஆயினும், துன்பமுற்ற மக்கள் வாரம் ஒருமுறை கூடி மகிழ்தற்கு ஓரிடம் வேண்டினர் என்பதும் பொய்யன்று. இரண்டும் உண்மையாதலின் இரண்டனையும் நாம் கூறினோம்.

பழைய மைதானம் 1946-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அரங்கு முடியும் வரையில் மாட்ரிட் அணியினர் தம் எதிரியாகிய அத்லேதிக்கோ சங்கத்தின் மைதானத்தில் குடிக்கூலியினராய் ஆட வேண்டியதாயிற்று. தன் வீட்டைத் தானே இடித்துவிட்டு அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனைப் போன்றதாயிற்று அவர்தம் நிலை.

1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று புதிய அரங்கு திறக்கப்பட்டது. லிஸ்பன் நகரத்துப் பெலெனென்செஸ் அணியினர் விருந்தினராய் வந்து ஆடினர். முதற்கோலை மாட்ரிட் அணியின் சபீனோ பரினாகா செலுத்தினார்; மூன்றுக்கொன்றாக மாட்ரிட் வென்றது. அரங்கின் அமைப்பில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அமர்ந்து காணும் இடங்கள் ஏறத்தாழ 27,500. நின்று காணும் இடங்களோ 47,000-க்கும் மேற்பட்டவை. அஃதாவது, மூன்றிலிரண்டு பங்கினர் நின்றே கண்டனர். நிற்குமிடத்திற்குக் கட்டணம் சிறிது. செல்வர் சிலரிடம் பெரும்பொருள் பெறுவதினும், எளியவர் பலரிடம் சிறுபொருள் பெறுதலே பேரரங்கின் வாழ்வுக்கு வழி என்னும் கருத்து அவ்வமைப்பிலே புதைந்துள்ளது.

சோதனைக் காலம்

அரங்கு திறந்த அப்பருவத்திலேயே பெருஞ்சோதனை நேர்ந்தது. தேசப் போட்டியிற் கலந்த பதினான்கு அணிகளுள் மாட்ரிட் அணி பதினோராம் இடத்திற்குத் தாழ்ந்தது. இன்னுஞ் சிறிது சறுக்கியிருப்பின் இரண்டாம் வகுப்பிற்கு இறங்கியிருக்கும். நாட்டிலேயே பெரிய அரங்குகளுள் ஒன்றனை உடைய சங்கம் கீழ் வகுப்பில் ஆடுவது எத்தகைய நகைப்பிற்கு இடமாகியிருக்கும் என்பதனை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். கடன் கொடுத்தார் ஒருபுறம். கடன்பத்திரம் வாங்கினார் ஒருபுறம். நிரம்ப வேண்டிய படிவரிசைகள் ஒருபுறம். 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அத்லேதிக்கோவே மீண்டும் தேச வெற்றியைப் பெற்றது. பார்சிலோனாவிலோ ஹங்கேரி நாட்டுக் குபாலா என்னும் வீரர் வந்து சேர, அவ்வூர் மைதானம் வந்தாரைக் கொள்ளமாட்டாது திணறிற்று.

அகலக்கால் வைத்தார் பெர்னபேயு என்று பலர் கூறிய காலம் இது. அவரோ காலைப் பின்வாங்கினாரல்லர். அரங்கு ஈட்டும் பொருளைக் கடனுக்கும் ஆட்டக்காரருக்கும் பகிர்ந்து, தக்கார் எங்குளர் எனத் தேடிக்கொண்டே யிருந்தார்.

தி ஸ்டெபானோ வருகை

1952-ஆம் ஆண்டில் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா நிகழ்ந்தது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மில்லியோனாரியோஸ் அணியினர் விழா ஆட்டத்திற்கு வந்து, நாலுக்கிரண்டாக மாட்ரிட் அணியை அதன் சொந்த அரங்கிலேயே வென்றனர். அவ்வணியில் ஆல்பிரெடோ தி ஸ்டெபானோ என்னும் அர்ஜென்டீன வீரர் இருந்தார். பின்னே தடுத்தும், நடுவே வகுத்தும், முன்னே செலுத்தியும் மைதானமெங்கும் தாமேயாய் நின்ற அவரைப் பெர்னபேயு கண்டார். தோல்வியின் துயரிலும் வேண்டியது இன்னதெனக் கண்டுகொண்டமை அவர்தம் கூர்மைக்குச் சான்று.

அவ்வீரரைப் பெறுதலில் பார்சிலோனாவுடன் பெருவழக்கு நேர்ந்தது. ஒருவர் ஒரு சங்கத்தாரிடமும், மற்றவர் வேறு சங்கத்தாரிடமும் உரிமை பெற்றிருந்தனர். இரு சங்கத்திற்கும் மாறிமாறி ஆடுக என ஸ்பெயின் கால்பந்துச் சபையார் விநோதமானதொரு தீர்ப்புக் கூறினர். பார்சிலோனா மனங்கசந்து விலகிற்று. 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் தி ஸ்டெபானோ மாட்ரிட் அணியினரானார். ஆட்சியாளர் கைவேலை இதிலுண்டு என்று ஒரு சாராரும், இல்லையென்று மறு சாராரும் இன்றளவும் வாதிடுவர். அவ்வாண்டிலேயே ஹென்தோ என்னும் விரைவு மிக்க இளைஞரும் வந்து சேர்ந்தார். ரைமுந்தோ சபோர்த்தா என்னும் கணக்கறி வல்லுநர் தலைவருக்கு வலக்கையாக அமைந்தார். 1954-ஆம் ஆண்டில், இருபத்தோராண்டு இடைவெளிக்குப் பின், தேச வெற்றி மாட்ரிட் அணியை மீண்டும் அடைந்தது.

இப்பொழுது வளையம் முன்னோக்கிச் சுழலத் தொடங்கிற்று. அரங்கின் வருவாய் வீரரைக் கொணர்ந்தது. வீரர் கூட்டத்தைக் கொணர்ந்தனர். கூட்டம் மேலும் வீரரைக் கொணர்ந்தது. எழுபத்தையாயிரம் இடமும் போதாவாயின. மேலும் படிவரிசைகள் எழுப்பப்பட்டு அரங்கு ஏறத்தாழ 1,25,000 பேரைக் கொள்ளுமாறு விரிக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள் கூடிய உறுப்பினர் பேரவை, அவ்வரங்கிற்குத் தலைவரின் பெயரையே சூட்டிற்று. யாரிதனை நிரப்புவார் என்று வினவிய சபையே இங்ஙனம் விடையும் கூறிற்று.

ஐரோப்பியக் கிண்ணம்

அக்காலத்தில் பிரான்சு தேசத்துப் பத்திரிகையாளர் கபிரியேல் அனோ என்பார், ஐரோப்பிய நாடுகளின் முதன்மைச் சங்கங்கள் தம்முள் போட்டியிடல் வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். அதனை முன்னின்று ஏற்றவருள் பெர்னபேயு தலையாயவர். பேரரங்கு உடையார்க்கு உள்நாட்டு ஆட்டம் மட்டும் போதாது. அயல்நாட்டுப் பெயர்களைக் காட்டினால் வாரத்தின் நடுநாளிலும் மக்கள் வருவர் என அவர் அறிந்திருந்தார். ஆனால் நடுநாளிற் பகலில் ஆடினால் தொழிலாளர் எங்ஙனம் வருவர்? ஆதலின் 1957-ஆம் ஆண்டில் அரங்கில் மின்விளக்குகள் அமைக்கப்பட்டன. வேலை முடிந்து மக்கள் இரவிற் கூடினர்.

1956-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிகழ்ந்த முதல் இறுதியாட்டத்தில் ரெய்ம்ஸ் அணியை நாலுக்கு மூன்றாக வென்று மாட்ரிட் அணி கிண்ணத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இறுதியாட்டம் பெர்னபேயு அரங்கிலேயே நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,24,000 பேர் கூடியிருக்க, பிளாரன்ஸ் நகரத்துப் பியோரெந்தீனா அணியைத் தி ஸ்டெபானோவும் ஹென்தோவும் ஒவ்வொரு கோலால் வென்றனர். வயல்வெளி விளிம்பில் யார் வருவார் என்று அஞ்சப்பட்ட அவ்விடத்திற்கு ஐரோப்பா முழுதுமே வந்தது போலாயிற்று. பிரான்சிலிருந்து கோபா, உருகுவேயிலிருந்து சாந்தாமரீயா, ஹங்கேரியிலிருந்து புஷ்காஷ் எனப் பெருவீரர் அடுத்தடுத்து வந்தனர். 1960-ஆம் ஆண்டில் க்ளாஸ்கோ நகரில் 1,27,000-க்கும் மேற்பட்டார் காண, பிராங்க்பர்ட் அணியை ஏழுக்கு மூன்றாக வென்று ஐந்தாம் முறையும் தொடர்ந்து கிண்ணத்தைக் கைக்கொண்டனர்.

பேரரங்கு ஒன்றே இத்துணையும் செய்ததோ எனின், அன்று என்பதற்குப் பார்சிலோனாவே சான்று. அச்சங்கத்தாரும் 1957-ஆம் ஆண்டில் காம்ப் நோ என்னும் மாபெரும் அரங்கைத் திறந்தனர். அதன் கடன்சுமை அவர்களை அழுத்திற்று. லூயிஸ் சுவாரெஸ் என்னும் தம் சிறந்த வீரரை 1961-ஆம் ஆண்டில் இத்தாலிக்கு விற்றனர். 1960-க்குப் பின் பதினான்காண்டுகள் தேச வெற்றி காணாது வருந்தினர். அரங்கு பெரிதாதல் ஒரு பாதி. அதனை நிரப்பத்தக்க ஆட்டத்தைத் தேடி இடையறாது உழைத்தல் மறு பாதி. முதற்பாதியைப் பொருளால் முடிக்கலாம். இரண்டாம் பாதிக்கு ஒருவரின் வாழ்நாளே விலையாகின்றது.

குணநலன்

பெர்னபேயு சங்கத்தாற் செல்வம் சேர்த்தாரல்லர். மனைவியார் மரியா அம்மையாரோடு எளிய வாழ்வு வாழ்ந்தார். இவர்க்கு மகப்பேறு வாய்த்திலது. ஓய்வு நாட்களில் சாந்தா போலா என்னும் கடற்கரை ஊரில் மீன் பிடித்தலே இவர் விரும்பிய பொழுதுபோக்கு. ஆட்டக்காரரிடம் தந்தையின் பரிவும் தந்தையின் கடுமையும் ஒருங்கே காட்டினார்.

அக்கடுமை சிலகால் புண்படுத்தவும் செய்தது. 1964-ஆம் ஆண்டில் வியன்னாவில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் மிலான் நகரத்து இன்டர் அணியிடம் மாட்ரிட் தோற்றது. முப்பத்தெட்டு வயதை நெருங்கிய தி ஸ்டெபானோ இன்னும் ஆட விரும்பினார், தலைவர் இசைந்திலர். பதினோராண்டு சங்கத்தின் முகமாய் விளங்கிய வீரர் மனக்கசப்புடன் பார்சிலோனா நகரத்து எஸ்பான்யோல் அணிக்குச் சென்றார். அரங்கை நிரப்பிக் கொடுத்தவனையே அரங்கின் நலங்கருதி அனுப்பிவிடுதல் அறிவுடைமையாகலாம். நன்றியுடைமையாகுமோ என நம் உள்ளம் ஐயுறுகின்றது. எனினும் இரண்டாண்டில் ஸ்பானிய இளைஞர் பதினொருவரைக் கொண்ட புதிய அணி ஆறாம் கிண்ணத்தைப் பெல்கிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் வென்றது என்பதனையும் கூறாதொழிதல் நடுநிலையன்று.

இறுதிக் காலம்

பெரியதொன்றை முடித்தார்க்கும் இன்னும் பெரியதொன்று வேண்டும் என்னும் வேட்கை ஓய்வதில்லை. 1973-ஆம் ஆண்டளவில், எழுபத்தெட்டாம் பிராயத்தில், பெர்னபேயு ஒரு புதிய திட்டத்தை வெளியிட்டார். அரங்கைச் சூழ்ந்த வயல்கள் மறைந்து நகரின் விலையுயர்ந்த பகுதியாய் அவ்விடம் மாறியிருந்தது. அந்நிலத்தை விற்று, அப்பொருளால் இன்னும் வடக்கே புயென்காரல் பகுதியில் புதிய பேரரங்கு எழுப்ப அவர் எண்ணினார். முப்பதாண்டிற்கு முன் செய்ததனையே மீண்டுஞ் செய்ய விழைந்தார். ஆனால் அதிகாரிகள் அனுமதி தந்திலர், திட்டம் கைகூடவில்லை. தம் பெயர் பொறித்த அரங்கைத் தாமே இடிக்கத் துணிந்தமையால், பெயரினும் பணியையே அவர் பெரிதாக மதித்தார் என்பது தெளிவு.

அடுத்த ஆண்டு பிப்ரவரி மாதத்தில், டச்சு நாட்டுக் குரைப் என்னும் வீரரைக் கொண்ட பார்சிலோனா அணி அதே அரங்கில் ஐந்து கோல்களால் மாட்ரிட் அணியை வென்றது. நிறைந்த அரங்கு வெற்றியை மட்டுமன்று, தோல்வியையும் பன்மடங்காக்கும் என்பதனை முதுமையில் அவர் நேரிற் கண்டார்.

1978-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாள், உலகக் கிண்ணப் போட்டி அர்ஜென்டீனாவில் தொடங்கிய மறுநாள், புற்றுநோயால் அவர் உயிர் நீத்தார். எண்பத்து மூன்றாம் வயது நிறைதற்கு ஆறு நாளே எஞ்சியிருந்தன. பிறந்த ஊராகிய ஆல்மான்சாவிலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் தலைமையில் சங்கம் பதினாறு முறை தேச வெற்றியும், ஆறு முறை தேசக் கிண்ணமும், ஆறு முறை ஐரோப்பியக் கிண்ணமும் பெற்றது. 1982-ஆம் ஆண்டில் உலகக் கிண்ண இறுதியாட்டம் அவ்வரங்கிலேயே நடைபெற்றது. நிற்குமிடங்கள் பின்னர் இருக்கைகளாக மாற்றப்பட்டமையால் கொள்ளும் தொகை குறைந்தது; ஆயினும் இன்றும் 80,000 பேருக்கு அது இடந்தருகின்றது.

முடிவுரை

இவ்வரலாற்றைக் கற்றபின் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்குத் திரும்புகின்றோம். ஆட்டமே கூட்டத்தை ஈர்க்கின்றதா, கூட்டமே ஆட்டத்தை வளர்க்கின்றதா? இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே பெர்னபேயு தம் வாழ்வால் காட்டிய விடை. ஆனால் யாரேனும் ஒருவர், விளைவு இன்னதென அறியாமலே, முதற்கண் துணிய வேண்டும். அத்துணிவினால் நேரும் பழியைப் பதினோராம் இடத்தில் நிற்கும் ஆண்டிலும் அவர் தாங்க வேண்டும். அகலக்கால் வைத்தவர் எல்லாரும் இடறி வீழ்வர் என்பதுமில்லை. எல்லாரும் ஏறி நிற்பர் என்பதுமில்லை. வைத்த காலை ஊன்றி நின்று, அடுத்த காலை வைத்தற்கு நாடோறும் உழைப்பவரே ஏறுவர்.

அன்பர்களே, அரங்கு கட்டுதல் நம்மனோர்க்கு இயல்வதன்று. ஆயினும் எல்லைக்கோட்டருகே நிற்றல் எளிது. வருஞ் சனிக்கிழமை மாலையில் நம் அணியினர் ஆடுங்கால், பத்துப் பேர் நிற்குமிடத்தில் பதினோராம் பேராக நாமும் சென்று நிற்போமாக. மாட்ரிட் நகரத்துப் பேரரங்கை நிரப்பிய ஒரு நூறாயிரம் பேருள் ஒவ்வொருவரும் அங்ஙனம் வந்து நின்ற ஒருவரேயன்றோ!